மூணு கேபிள் அறுந்துச்சுன்னா தப்பு கேபிள் மேல இருக்காது தம்பி

கேள்வி: வணக்கம் அண்ணே. பொள்ளாச்சி பக்கத்துல இருந்து எழுதறேன். எங்க தாத்தா வாங்கின 1968 மாடல் அம்பாசடர் மார்க் 2 இன்னும் ஓடுது, வாரத்துக்கு ஒரு தடவையாவது வெளிய எடுத்துருவேன். ஒரே தொல்லை ஸ்பீடோமீட்டர் கேபிள்தான். ஒரு வருஷத்துல மூணு அறுந்துருச்சு. அறுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே முள்ளு 40க்கும் 60க்கும் நடுவுல ஆட ஆரம்பிச்சுரும், காலைல எடுக்கும்போது டேஷ்போர்டுக்குள்ள குருவி கத்துற மாதிரி ஒரு சத்தம். மாத்திக் குடுத்த மெக்கானிக்கு "பழைய வண்டின்னா அப்படித்தான், கழட்டி விட்டுட்டு போன்ல ஜிபிஎஸ் பாத்து ஓட்டுங்க"ன்னு சொல்லிட்டார். போன வருஷம் ரேடியல் டயர் போட்டேன், அதனால இருக்குமா? நானே மாத்திக்கலாம்னு நெனைக்கறேன், எப்படின்னு சொல்லுங்கண்ணே.

பதில்: தம்பி, டயர் சமாச்சாரத்த மொதல்ல முடிச்சுருவோம். டயர் மாத்துனா மீட்டர் பொய் சொல்லும், கேபிள் அறுக்காது. கேபிள சுத்தறது கியர்பாக்ஸோட வால் பக்கத்துல இருக்கற பினியன்ங்கற சின்னப் பல்சக்கரம், அதுக்குக் கீழ என்ன டயர் ஓடுதுன்னு அதுக்குத் தெரியாது. உங்க வண்டிக்கு வந்த 5.90-15 டயர விட இப்ப போட்டது உயரம் கம்மியா இருந்தா அதே தூரத்துக்கு சக்கரம் கொஞ்சம் கூட சுத்தும், மீட்டர் கொஞ்சம் கூட காட்டும், அவ்வளவுதான். அதக் கண்டுபிடிக்கற வழி கடைசியா சொல்றேன்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நான் முப்பது வருஷமா மீட்டர் வேலை பாக்கறேன், கேபிள் மாத்தறேன்னு சொல்லி வர்ற வண்டில பாதிக்கு மேல கேபிள மட்டும் மாத்தி அனுப்புனா திரும்ப வந்துரும்னு எனக்கு மொதல்லயே தெரியும். ஏன்னா கேபிளுக்கு சாதாரணமா பெருசா ஒரு வேலையும் கிடையாது. மீட்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சா இது வெளங்கும். 1902ல ஓட்டோ ஷுல்சன்னு ஒரு ஜெர்மன்காரர் பேடன்ட் வாங்குன ஐடியாதான் உங்க அம்பாசடர்ல இன்னிக்கும் ஓடுது. கேபிள் நுனி ஒரு காந்தத்தச் சுத்துது, அந்தக் காந்தத்துக்கு மேல தொடாம ஒரு அலுமினியக் கிண்ணம் கவுந்து நிக்குது, காந்தம் சுத்தச் சுத்த கிண்ணத்துக்குள்ள சின்னதா மின்சாரம் உண்டாகி அதையும் கூட இழுக்கப் பாக்கும், ஆனா வாட்ச்சுல இருக்கற மாதிரி ஒரு மயிர் ஸ்பிரிங் அத ஒரேடியா சுத்த விடாம புடிச்சுக்கும். வேகம் கூடக் கூட இழுப்பும் கூடும், கிண்ணத்தோட சேந்த முள்ளு அந்த அளவுக்கு ஏறும். இதுல உலோகமும் உலோகமும் உரசற எடம் காந்தத்தோட தண்டு உக்காந்திருக்கற அந்தச் சின்ன பித்தளை புஷ் ஒண்ணுதான், அதுபோக கிலோமீட்டர் எண்ணுற சின்ன கியருங்க. அத்தனையும் ரெண்டு விரலால சுத்துனா சுத்தணும். அவ்வளவு லேசான வேலைக்குப் போட்ட ஸ்டீல் ஒயரு ஒரு வருஷத்துல மூணு தடவை அறுக்குதுன்னா எங்கயோ யாரோ அதப் புடிச்சு நிறுத்தறாங்கன்னு அர்த்தம்.

உங்க கடுதாசில ரெண்டு தடயம் நீங்களே குடுத்துட்டீங்க, முள்ளு ஆட்டம் ஒண்ணு, காலைல குருவிச் சத்தம் ஒண்ணு. குருவிச் சத்தம் நான் பாத்த வரைக்கும் கேபிள்ல இருந்து வர்றது கம்மி, மீட்டருக்குள்ள அந்த புஷ் காஞ்சு போய்க் கத்துறதுதான் நெறைய. வண்டி கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சத்தம் நின்னுருதா? அப்படின்னா என் சந்தேகம் எண்பது பைசா மீட்டர் மேலதான். புஷ் காய்ஞ்சு தண்டு இறுகும், கேபிள் கீழ சுத்திக்கிட்டே இருக்கும் மேல நிக்கும், உள்ள முறுக்கு ஏறி ஏறி ஒரு நொடில பட்டுனு விடும், அப்பதான் முள்ளு 40ல இருந்து 60க்குத் துள்ளுது, திரும்ப இறுகும், திரும்ப விடும். உங்க மீட்டர் கிலோமீட்டருக்கு ஆயிரம் சுத்து கணக்குன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கங்க, பொள்ளாச்சில இருந்து கோயம்புத்தூர் வந்து சேர்றதுக்குள்ள நாப்பதாயிரம் சுத்து. அத்தனை சுத்துலயும் முறுக்கி முறுக்கி விட்டா எந்த ஒயர்தான் தாங்கும்?

அதனால புதுக் கேபிள் வாங்கறதுக்கு முன்னாடி அறுந்து போனத எடுத்து டேபிள்ல வைங்க. தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்கன்னு நம்பறேன். அது எந்த எடத்துல அறுந்திருக்குங்கறதுதான் முக்கியம். மேல மீட்டருக்குள்ள போற சதுர நுனிக்குப் பக்கத்துல, முறுக்கி ஒடிச்ச மாதிரி சுருண்டு அறுந்திருந்தா குற்றவாளி மீட்டர்தான், வேற யாரையும் தேடாதீங்க. நடுவுல எங்கயோ தலைமுடி பிரிஞ்ச மாதிரி ஒயரு ஒயரா பிரிஞ்சு அறுந்திருந்தா அந்த எடத்துல அவுட்டர், அதான் ஒயருக்கு மேல இருக்கற உறை, மடங்கி இருக்கு, வளைவு ரொம்ப இறுக்கம். ஒரு எடத்துல மட்டும் கிரீஸ் கருகி பிசின் மாதிரி ஒட்டியிருந்தா கேபிள் சைலன்சர் பைப்புக்குக் கிட்டப் போகுது. துரு ஏறி இருந்தா அவுட்டர்ல எங்கயோ கிழிசல் இருக்கு, மழைத்தண்ணி உள்ள போகுது. அறுக்கவே இல்ல, கீழ் நுனி சதுரம் மட்டும் தேஞ்சு உருண்டையாப் போயிருக்குன்னா ஒண்ணு பினியனோட பொந்து தேஞ்சிருக்கு, இல்ல கேபிள் நீளம் பத்தாம நுனி பொந்துக்குள்ள பாதிதான் உக்காந்துச்சு. மூணு கேபிளும் ஒரே எடத்துல அறுந்திருந்தா அதுக்கு மேல நான் சொல்லவே வேண்டியதில்ல.

ஒயர முழுசா உருவி எடுத்து இன்னொரு சோதனை பண்ணலாம். சுத்தமாத் தொடச்சுட்டு ரெண்டு கையிலயும் ரெண்டு நுனியப் புடிச்சு ஊஞ்சல் மாதிரி தொங்க விட்டு விரலால மெதுவா உருட்டுங்க. நல்ல ஒயரா இருந்தா அந்தத் தொங்கல் அசையாம சுத்தும். எங்கயாவது மடங்கி இருந்தா ஒவ்வொரு சுத்துலயும் ஒரு தடவை தவளை மாதிரி குதிக்கும். புதுசா கடைல வாங்குற ஒயரையும் இதே மாதிரி பாத்துட்டுதான் வாங்கணும், சுருட்டிக் கட்டி ஆணில மாட்டி வெச்சிருப்பாங்க, கட்டுன எடத்துல மடங்கி இருக்கும், கடைக்காரர் மொறைச்சாலும் பரவால்ல உருட்டிப் பாருங்க.

இந்த கிலோமீட்டர் ஓடற நம்பரையும் கவனிக்கணும். முள்ளும் நிக்குது நம்பரும் நிக்குதுன்னா கேபிளோ பினியனோ போச்சு. நம்பர் ஓடுது முள்ளு மட்டும் செத்திருக்குன்னா கேபிள் நல்லாத்தான் இருக்கு, மீட்டர் உள்ள கிண்ணமோ மயிர் ஸ்பிரிங்கோ. முள்ளு வேலை செய்யுது நம்பர் நிக்குதுன்னா மீட்டருக்குள்ள கியர் பல்லு போயிருக்கு. இத்தன சின்ன விஷயத்தக் கேக்காமயே கேபிள் வித்துடறாங்க, வாங்குறவங்களும் மாத்திட்டுப் போயிடறாங்க.

சரி, கழட்டற வேலை. பேட்டரி நெகட்டிவக் கழட்டிடுங்க, மீட்டருக்குப் பின்னாடி பழைய ஒயரிங், இன்சுலேஷன் பாதி உதிர்ந்து கெடக்கும், அதுக்குள்ள கைய விட்டு நீங்க நட்டு திருகும்போது பொறி பறந்தா அப்புறம் கேபிளப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. வண்டிக்குக் கீழ போகணும்னா ஜாக்கிய மட்டும் நம்பி போகவே போகாதீங்க. ஸ்டாண்டு போட்டு, தரைல நிக்கற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை குடுத்து, வண்டிய ஒரு தடவை தள்ளிப் பாத்து அசையலன்னா மட்டும் உள்ள போங்க. சைலன்சரும் கியர்பாக்ஸும் ஆறுன பெறகு.

மேல மீட்டர்ல ஒரு வரி போட்ட நட்டு இருக்கும், விரலால திருகுற நட்டு அது. அதுக்கு ஏன் வரி போட்டு வெச்சிருக்காங்கன்னா விரலால மட்டும் இறுக்கணும்னுதான், நம்ம ஆளுங்க பிளேயர் போட்டு இறுக்கி மீட்டரோட மரை சாப்புட்டு வெச்சிருப்பாங்க. இறுகிக் கெடந்தா கொஞ்சம் துணி சுத்தி பிளேயர் போட்டு லேசாத் தளத்தி விடுங்க, அதோட நிறுத்திக்கங்க. கீழ கியர்பாக்ஸ் பக்கம் நட்டு எண்ணெயும் மண்ணும் சேந்து கல்லாட்டம் இருக்கும், மண்ணெண்ணெய் ஊத்தி பிரஷ் போட்டுத் தேய்ச்சுட்டு அப்புறம் கழட்டுங்க, இல்லன்னா அந்த மண்ணு அத்தனையும் பினியன் பொந்துக்குள்ள போகும்.

இப்ப பழைய கேபிள உருவறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுங்க, அதோட மேல் நுனில ஒரு ரெண்டு மீட்டர் சணல் கயிறு கட்டி விடுங்க. கேபிளக் கீழ இழுக்கும்போது கயிறு அதே பாதைல வந்து நிக்கும், புதுசக் கயித்துல கட்டி மேல இழுத்தா ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்ள உக்காற எடத்துக்கும் நடுவுல இருக்கற தகரத் தடுப்பு) ஓட்டை, கிளிப்புன்னு எல்லாத்தையும் தாண்டி போய்ச் சேரும். ஆனா பழைய பாதைலயே கொண்டு போகணுமாங்கறத யோசிங்க. அந்தப் பாதை தப்பா இருந்ததாலதான் மூணு போயிருக்குன்னா? கம்பெனி போட்ட கிளிப்பு எல்லாம் எப்பவோ காணாமப் போயி, யாரோ ஒரு மகராசன் கிளட்ச் கம்பியோட சேத்துக் கட்டி வெச்சிருப்பான்.

பாதைக்கு அந்தக் காலத்து பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) மேனுவல்ல தெளிவா ரெண்டு அளவு இருக்கு, அம்பாசடர் கியர்பாக்ஸும் அந்தக் குடும்பந்தான். எந்த வளைவும் 6 இன்ச் ஆரத்துக்குக் கீழ போகக்கூடாது, அதாவது கிட்டத்தட்ட 150 மில்லிமீட்டர். ரெண்டு நுனிலயும் நட்டு இருக்கற எடத்துல இருந்து 2 இன்ச்சுக்கு வளைவே இருக்கக்கூடாது, நேரா வெளிய வந்துட்டுதான் திரும்பணும். மீட்டருக்குப் பின்னாடி இந்த ரெண்டாவதுதான் நெறைய வண்டில தப்பா இருக்கும், எடம் இல்லன்னு நட்டோட முதுகுல இருந்தே மடக்கிக் கொண்டு போயிருப்பாங்க. வெந்து போன கேபிளுக்கு சைலன்சர் பைப்புல இருந்து ஒரு சாணாவது தள்ளிக் கொண்டு போங்க, ஃபயர்வால் ஓட்டைல கிராமெட்டுங்கற ரப்பர் வளையம் கட்டாயம், தகர ஓரம் அவுட்டர அறுத்துரும். கிளிப்பு போடும்போது நசுக்காதீங்க, அவுட்டர் நசுங்குனா உள்ள ஒயரு தேயும். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்ல ஆடற சமாச்சாரம்ங்கறதால கீழ் பக்கம் கொஞ்சம் தொய்வும் விட்டுக்கங்க, கம்பி மாதிரி இழுத்துக் கட்டுனா கிளட்ச் விடும்போதெல்லாம் இழுபடும்.

கேபிள் வாங்குறதப் பத்தி. அம்பாசடருக்குன்னு கேட்டு வாங்குங்க, எந்த கியர்பாக்ஸ்னும் சொல்லுங்க. 1990கள்ல வந்த இசுசு 1800 எஞ்சினோட 5 கியர் பெட்டிய பழைய வண்டில தூக்கி வெச்சவங்க நம்ம பக்கம் எக்கச்சக்கம், அதுக்குக் கீழ் நட்டும் பினியனும் பழசோட பொருந்தும்னு நம்பி வாங்காதீங்க. உங்களுது ஒரிஜினல் நாலு கியர் பெட்டின்னு நெனைக்கறேன், பாத்து எழுதுங்க. எப்படியோ, பழைய கேபிளக் கைல கொண்டு போயி பக்கத்துல வெச்சு அளந்து வாங்குறதுதான் ஒரே வழி. சென்னைல இருந்தா ஜிபி ரோடு ஒரு சுத்து சுத்துனா கெடைக்கும், நம்ம பக்கம்னா பழைய ஸ்பேர் கடைல சொல்லி வெச்சா வரும்.

ஜீப்பு கேபிளு, டெம்போ கேபிளுன்னு கெடைக்கறத வெட்டி ஒட்டித் தர்ற ஆளுங்க இருக்காங்க, அவசரத்துக்கு நானும் பண்ணியிருக்கேன். ஆனா அளவு தப்பக்கூடாது. அவுட்டர மீட்டர் பக்கம் வெச்சுப் பாத்தா உள் ஒயரோட சதுர நுனி 10 மில்லிமீட்டர் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும், பழைய கணக்குல 3/8 இன்ச். கீழ நுனி பினியனுக்குள்ள முழுசா உக்காந்த நெலைல இந்த அளவு. இதுக்கு மேல நீட்டுனா நட்டு இறுக்கும்போது ஒயரு காந்தத்தோட தண்ட மேல தள்ளும், தண்டு இறுகும், சில சமயம் காந்தம் கிண்ணத்தையே தொட்டுரும், அப்ப முள்ளு 20ல போகும்போதே 120க்குப் பறக்கும். கம்மியா இருந்தா எஞ்சின் ஆடும்போது நுனி நழுவும், முள்ளு விட்டு விட்டு செத்துச் செத்துப் பிழைக்கும். உங்களுக்கு அறுந்த மூணுல ஒண்ணாவது நீளம் கூடின கேபிளா இருந்திருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம், அளந்து பாருங்க.

இன்னொண்ணு, இந்த ஒயரு பல அடுக்கா சுத்துனது, ஒரு அடுக்கு இந்தப் பக்கம், அடுத்தது எதிர்ப்பக்கம். வெளி அடுக்கு எந்தப் பக்கம் சுத்துனா இறுகுமோ அந்தப் பக்கந்தான் அது வண்டில சுத்தணும். எதிர்ப்பக்கம் சுத்துனா அடுக்கு விரிஞ்சு ஊதி அவுட்டருக்குள்ள அடைச்சுக்கும். பைக்கு ஒயர வெட்டி கார்ல போடாதீங்கன்னு நான் சொல்றது இதுக்காகத்தான், பைக்குல முன் சக்கரத்துல இருந்து வர்ற சுத்து வேற பக்கமா இருக்கலாம். உங்க வண்டில எந்தப் பக்கம்னு தெரியணும்னா கேபிள் கழட்டுன நெலைல, ஸ்டாண்ட எடுத்து வண்டிய நாலு சக்கரத்துலயும் எறக்கிட்டு, கீழ் நட்ட மட்டும் மாட்டி விட்டு யாரையாவது வண்டிய முன்னால தள்ளச் சொல்லுங்க, நீங்க மேல் நுனியப் பாத்தா தெரிஞ்சுரும்.

கிரீஸ்ல எல்லாரும் தப்பு பண்றாங்க, நானும் கத்துக்கிட்டப்ப பண்ணேன். மொத வருஷம் ஒரு கஸ்டமர் கேபிள்ல நல்லா இருக்கட்டுமேன்னு அப்பி விட்டேன், வீல் பேரிங்குக்குப் போடற கெட்டி கிரீஸ். அவரு ஊட்டிக்காரர். ஒரு வாரத்துல திரும்ப வந்தார், காலைல குளிர்ல முள்ளு பைத்தியம் புடிச்ச மாதிரி ஆடுதுன்னு. அதுகூடப் பரவால்ல, ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வந்தார், இந்தத் தடவை வண்டி நிக்கும்போதும் முள்ளு 30ல நிக்குது. தொறந்து பாத்தா கிரீஸ் மேல ஏறி மீட்டருக்குள்ள போயி கிண்ணத்தையும் காந்தத்தையும் ஒட்ட வெச்சிருக்கு. ஒயரு சுருள் சுருளா இருக்குல்ல, அது சுத்தும்போது ஸ்குரூ மாதிரி எண்ணெயையும் கிரீஸையும் கொஞ்சங் கொஞ்சமா மேல ஏத்தும். என் குரு அன்னிக்கு திட்டுன திட்டு இன்னும் காதுல இருக்கு.

அதனால, சாதாரண லித்தியம் கிரீஸ், மெல்லிசா, விரல்ல தொட்டு ஒயருல தடவிட்டுத் துணில ஒரு தடவை உருவி விடுங்க. பளபளன்னு இருந்தாப் போதும், கட்டி கட்டியா தெரியக்கூடாது. ஒயர அவுட்டருக்குள்ள விட்டப்புறம் மேல் நுனியப் புடிச்சு ஒரு 8 இன்ச் திரும்ப வெளிய இழுத்து, அந்த 8 இன்ச்ச மட்டும் சுத்தமாத் தொடச்சு உள்ள தள்ளிடுங்க. இதுவும் அந்த மேனுவல் சொன்ன அளவுதான். மீட்டர் பக்கம் காஞ்சே இருக்கட்டும்.

கழட்டும்போது கேபிளோட கீழ் பக்கம் கியர் ஆயில் வழிஞ்சு அவுட்டர் பூரா நனைஞ்சிருந்தா பினியன் சீல் போயிருக்கு. அத மாத்தாம புதுக் கேபிள் போட்டா கியர் ஆயில் மேல ஏறி மீட்டர் கண்ணாடிக்குள்ளயே வந்து நிக்கும், பாத்திருக்கேன். சீல் விலை ஒண்ணும் பெருசில்ல, பினியனக் கழட்டுன கையோட பல்லையும் பாத்துருங்க.

இப்ப மீட்டர். கேபிள் கழட்டுன பெறகு மீட்டரோட சதுரப் பொந்துல அறுந்த ஒயரோட நல்ல சதுர நுனி ஒண்ணை ஒரு இன்ச் வெட்டி எடுத்து நுழைச்சு விரலால உருட்டிப் பாருங்க. தடங்கலே இல்லாம, வெண்ணெய்ல சுத்தற மாதிரி சுத்தணும், விரல வேகமா சொடுக்குனா முள்ளு லேசா எழும்பி விழணும். கரகரன்னு இருந்தாலோ ஒரு எடத்துல புடிச்சாலோ, தம்பி, அங்கயே நிறுத்துங்க. நாலாவது கேபிள் மாட்டாதீங்க. மீட்டரக் கழட்டி புஷ்ஷு இருக்கற எடத்துல தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, ஊசி முனைல எடுத்து விட்டு ஒரு ராத்திரி கவுத்து வைங்க. ரெண்டாவது சொட்டு வேண்டாம். அதுக்கும் சரியாகலன்னா மீட்டர் வேலை தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்து தொறந்து சுத்தம் பண்ணுங்க. மூடி தொறந்து நீங்களே முள்ளத் திருகுறது, மயிர் ஸ்பிரிங்க நோண்டறது வேண்டாம், அது போச்சுன்னா போச்சு.

மீட்டர் சரியா காட்டுதான்னு பாக்க ஒரு நல்ல வழி இருக்கு. மீட்டர் முகத்துல கீழ ஓரத்துல பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கான்னு பூதக்கண்ணாடி வெச்சுப் பாருங்க, ஸ்மித்ஸ் கம்பெனி மாடல் மீட்டர்கள்ல பார்ட் நம்பரோட கூட தனியா ஒரு மூணு இல்ல நாலு இலக்க நம்பர் இருக்கும். ஒரு மைலுக்கோ கிலோமீட்டருக்கோ கேபிள் எத்தனை சுத்து சுத்தணும்ங்கற கணக்கு அது, முகத்துல மைல்னா மைலுக்கு, கிலோமீட்டர்னா கிலோமீட்டருக்கு. இதுல ஒரு அழகு என்னன்னா, அந்த நம்பர் எவ்வளவோ அவ்வளவு ஆர்பிஎம்ல கேபிளச் சுத்துனா மீட்டர் சரியா 60 காட்டணும். 60ல போற வண்டி நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர் போகும்ல, அதான். வேகம் தெரிஞ்ச டிரில் மிஷின் இருந்தா சதுர நுனிய அதுல புடிச்சு, சரியான பக்கமா, மெதுவா ஆரம்பிச்சு ஏத்திப் பாருங்க. 

அடுத்து உங்க வண்டி நெஜமா எத்தனை சுத்து குடுக்குதுன்னு எண்ணனும். வீட்டு முன்னாடி சமமான எடத்துல சாக்பீஸ்ல 20 மீட்டர் கோடு போடுங்க, டயர்ல காத்து சரியா வெச்சுக்கங்க. கேபிளோட மேல் நுனில சின்னதா ஒரு அட்டைக் கொடி ஒட்டி, வண்டிய நியூட்ரல்ல 20 மீட்டர் தள்ளி, கொடி எத்தனை சுத்து சுத்துச்சுன்னு எண்ணுங்க, கால் சுத்து அரை சுத்தையும் சேத்து. வந்தத 50ஆல பெருக்குனா கிலோமீட்டருக்கு எத்தனை சுத்துன்னு வந்துரும், மைல் மீட்டரா இருந்தா அத இன்னும் 1.609ஆல பெருக்கிக்கங்க. மீட்டர் முகத்துல இருக்கற நம்பரோட இது ஒத்துப் போனா உங்க ரேடியல் டயர் நல்ல புள்ளை. நூத்துக்கு அஞ்சு கூட வந்தா மீட்டரும் நூத்துக்கு அஞ்சு கூடக் காட்டும், நெஜ வேகம் 60ன்னா முள்ளு 63ல நிக்கும், அதோட வாழ்ந்துக்கலாம். முப்பது நாப்பதுன்னு வித்தியாசம் வந்தா அது டயர் இல்ல, யாரோ வேற வண்டி மீட்டரையோ, வேற பல்லு பினியனையோ, பின் ஆக்சில்ல வேற கிரௌன் பல்சக்கரத்தையோ போட்டிருக்காங்க. என்கிட்ட வந்த ஒரு மோரிஸ் மைனர்ல மைல் முகத்த எடுத்துட்டு மேல கிலோமீட்டர் முகத்த மட்டும் ஒட்டி வெச்சிருந்தாங்க, உள்ள எல்லாம் மைல் கணக்கு. ஓனர் ரெண்டு வருஷமா 50 காட்டுதுன்னு நெனைச்சு 80ல போயிட்டு இருந்திருக்கார், தெரிஞ்சப்ப அவருக்கு முகமே வெளுத்துருச்சு.

மாட்டற வரிசைய சொல்லிடறேன். மொதல்ல கீழ் பக்கம், ஒயர லேசா சுத்திக்கிட்டே தள்ளுனா சதுரம் பொந்துல டக்குனு விழறது கைக்குத் தெரியும், அப்புறம் நட்டு. பாதை, கிராமெட், கிளிப்பு. மேல 10 மில்லிமீட்டர் நீட்டல் இருக்கான்னு அளந்து பாருங்க. மீட்டர்ல மாட்டறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு பத்தடி தள்ளச் சொல்லி மேல் நுனி சீரா சுத்துதா, நின்னு நின்னு துள்ளுதான்னு பாருங்க. இங்க துள்ளுனா மீட்டர் மேல பழி போடாதீங்க, வளைவுலதான் கோளாறு, திரும்பப் போய்ப் பாதைய மாத்துங்க. சீரா சுத்துனா மீட்டர்ல நுழைச்சு விரலால நட்டு. நட்டு கடைசி வரைக்கும் விரலுக்கே போகணும், பாதிலயே முட்டுனா ஒயரு நீளம், அத பிளேயர் போட்டு ஜெயிக்கப் பாக்காதீங்க. அப்புறம் ரோட்டுல எடுத்துட்டுப் போயி ஒரு ஆள ஜிபிஎஸ் பாக்கச் சொல்லி 40, 50, 60ல புடிச்சுப் பாருங்க. ஜிபிஎஸ் அதுக்குத்தான் நல்லது.

மெக்கானிக்கு சொன்ன மாதிரி கழட்டி விட்டுட்டு ஓட்டறது வேண்டாம். மீட்டர் வேலை செய்யணும்ங்கறது 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்லயே இருக்கு, உங்க வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரினிவலுக்குப் போகணும்ல, அங்க பிரேக் இன்ஸ்பெக்டர் மீட்டர் பாத்தா என்ன சொல்லுவீங்க. அது போகட்டும், கிலோமீட்டர் ஓடலன்னா எப்ப ஆயில் மாத்துனோம்ங்கற கணக்கே போயிரும், தாத்தா வண்டிக்கு அது ரொம்ப முக்கியம்.

நீங்களே மாத்தலாமான்னு கேட்டீங்க, தாராளமா மாத்தலாம், கேபிள் மட்டும்னா ஒரு ஞாயித்துக்கெழமை காலை வேலை. மீட்டர் விரலுக்கு சுத்தலன்னா மட்டும் ஆள்கிட்ட போங்க. பழைய கேபிள்கள்ல மேல் நட்டும் கீழ் நட்டும் நல்லா இருந்தா வெட்டி எடுத்து ஒரு டப்பால போட்டு வைங்க, இப்ப வர்ற கேபிள்ல கீழ் நட்டு மரை சில சமயம் லேசா இருக்கும், ரெண்டு தடவை கழட்டி மாட்டுனா போயிரும், அப்ப அந்தப் பழைய நட்டு தேவைப்படும். அறுந்த மூணு நுனியையும் ஒண்ணா வெச்சு ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.